புழுதிக்குள் பிறந்த பாட்டு!

நிலமிழந்த விவசாயிகளின் கதையை ஊர் ஊராகப் பாடிய வூடி கத்ரி

1935-ம் ஆண்டு, ஏப்ரல் 14. ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள பாம்பா என்ற சிற்றூர். வாரக்கணக்கில் வீசிய புழுதிக் காற்று அன்று சற்று ஓய்ந்திருந்தது. வானம் வெளுத்துக் கிடந்ததால், ஜனங்கள் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். துவைத்த துணிகளைக் கொடியில் போட்டார்கள். குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போய் வந்தார்கள்.

சாயங்காலம் வடக்கே கறுப்பாக ஒரு சுவர் எழுந்தது. தரையில் இருந்து வானம் வரைக்கும் ஒரே கறுப்பு. அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. முழுக்க மண். நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் இருந்த காடு கரைகளின் மேல்மண் அப்படியே கிளம்பி வந்துகொண்டிருந்தது.

சில நிமிடங்களில் ஊர் இருண்டுவிட்டது. முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியவில்லை. ஒரு வீட்டுக்குள் சில பேர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் எரிந்த மின்விளக்கு, சிகரெட் நுனி நெருப்பு அளவுக்குத்தான் தெரிந்தது. 'உலகம் முடிந்தது' என்று சிலர் வேதாகமத்தை நினைத்துப் பேசிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் விடைபெற்றுக்கொண்டவர்களும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் 22 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது, கிடைத்த இடத்தில் கிதார் வாசிப்பது... இதுதான் அவருக்குப் பிழைப்பு. அந்த விடைபெறும் வார்த்தையையே பல்லவியாக வைத்து அவர் ஒரு பாட்டுக் கட்டினார். அமெரிக்கா முழுக்கப் பரவிய பாட்டு அது. அவர் பெயர் வூடி கத்ரி.

மழை பொய்த்து, கடன் ஏறி, நிலம் கைவிட்டுப் போகும்போது பாட்டு எழுதி என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்விதான். வூடி கத்ரியின் வாழ்க்கையைப் பார்த்தால் அதற்குப் பாதி பதில் கிடைக்கும். மீதிப் பாதியை ஒவ்வொருவரும் அவரவர் ஊரில்தான் தேட வேண்டும்.

அம்மா பாடிய பாட்டுகள்

வூடி பிறந்தது 1912-ம் ஆண்டு ஜூலை 14-ம் தேதி, ஓக்லஹோமா மாநிலத்தின் ஒகீமா என்ற ஊரில். அப்பா சார்லி, நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்தவர்; உள்ளூர் அரசியலிலும் இருந்தவர். கையில் காசு புரண்ட குடும்பம்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது.

அம்மா நோராவுக்குப் பழைய கதைப்பாட்டுகள் நிறையத் தெரியும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் இருந்து குடியேறியவர்கள் வாய்வழியாகக் கொண்டுவந்த பாட்டுகள் அவை. கப்பல் மூழ்கியது, காதல் கைகூடாமல் போனது, கொலை நடந்தது என ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சம்பவம் இருக்கும். வீட்டு வேலை செய்துகொண்டே அம்மா பாடுவார். பிள்ளை கேட்டுக்கொண்டே இருப்பான். நடந்ததை நடந்தபடி, கேட்பவர் மனதில் நிற்கிற மாதிரி சொல்வது எப்படி என்ற பாடம் அங்கேதான் தொடங்கியது.

ஆனால், அந்த வீட்டில் துயரமும் குடிகொண்டிருந்தது. 1919-ல் அக்கா கிளாரா தீக்காயத்தில் இறந்தாள். அம்மாவின் கை, கால்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நடத்தையும் மாறியது. ஊரார் 'பைத்தியம்' என்றார்கள். அது ஹன்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய் என்று அப்போது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. 1927-ல் அம்மாவை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1930-ல் அங்கேயே இறந்துபோனார். அப்பாவும் தீக்காயம் பட்டு, பாம்பாவில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். வூடி பதின்ம வயதிலேயே கிடைத்த வேலையைச் செய்து, கிடைத்த இடத்தில் படுத்து வளர்ந்தார்.

மவுத் ஆர்கன் வாசிக்க அவருக்கு ஆசையைத் தூண்டியது, ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்த ஒரு கறுப்பினச் சிறுவன். 1929-ல் பாம்பாவுக்குப் போனதும், வயலின் வாசிக்கும் சித்தப்பா ஜெஃப் அவருக்குக் கிதார் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கார்ட்டர் குடும்பத்தார் என்ற மலைநாட்டுப் பாடகர்களின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய பல பாட்டுகளின் மெட்டு, அந்தக் குடும்பத்தாரின் மெட்டுகளை ஒட்டியே இருக்கும்.

இசைப் பள்ளிக்கூடம் எதிலும் அவர் படித்ததில்லை. அம்மா, தெருச் சிறுவன், சித்தப்பா, இசைத்தட்டு... இவ்வளவுதான் அவருடைய குருமார்கள்.

மண் ஏன் பறந்தது?

வூடியின் பாட்டுகள் புரிய வேண்டுமானால், அந்த மண்ணுக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டும். விவசாயிகளான நமக்கு இது பாட்டைவிட முக்கியமான விஷயம்.

ஓக்லஹோமாவின் மேற்கு முனை, டெக்சாஸின் வடக்கு முனை, கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்களின் சில பகுதிகள்... இவையெல்லாம் சேர்ந்த பெரிய சமவெளியில் மழை குறைவு. பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 400 முதல் 500 மி.மீ வரைதான். காற்று மட்டும் எப்போதும் பலமாக வீசும். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு விஷயம்தான்: ஆழமாக வேர் விட்ட இயற்கைப் புல்.

முதல் உலகப் போர் சமயத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, 2 டாலருக்கு மேல் போனது. டிராக்டரும் வந்து சேர்ந்தது. புல்தரையை எல்லாம் உழுது கோதுமை விதைத்தார்கள். பிறகு விலை சரிந்தது. 1930-களின் தொடக்கத்தில் அதே புஷல் 40 சென்ட்டுக்கும் கீழே போனது. டிராக்டர் கடன் நின்றது. கடனை அடைக்க இன்னும் அதிகப் பரப்பை உழுதார்கள். அப்போதுதான் மழை நின்றது. பயிர் கருகியது. புல் இல்லை, பயிர் இல்லை, வெற்று மண். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது.

சுமார் 10 கோடி ஏக்கர் நிலம் பாதிக்கப்பட்டது. 1934-ம் ஆண்டு மே மாதம் கிளம்பிய புழுதி, நியூயார்க், வாஷிங்டன் நகரங்கள் வரைக்கும் போய் இறங்கியது. மாடுகள் மூச்சு முட்டிச் செத்தன. நுரையீரலில் புழுதி அடைத்துக் குழந்தைகளும் முதியவர்களும் இறந்தார்கள். 'புழுதி நிமோனியா' என்று அதற்கு ஒரு பெயரே உண்டானது. வூடி அந்த நோயைப் பற்றியும் பாட்டு எழுதினார்.

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். மேற்கே போனவர்கள் எல்லோரும் புழுதிக்குப் பயந்து போனவர்கள் இல்லை. ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதியில் பருத்தி போட்ட குத்தகை விவசாயிகளும், வாரத்துக்குப் பயிரிட்டவர்களும் பெருமளவில் வெளியேறினார்கள். 1933-ல் வந்த சட்டப்படி, பருத்திப் பரப்பைக் குறைத்தால் அரசு பணம் கொடுத்தது. அந்தப் பணம் நிலச் சொந்தக்காரர் கைக்குப் போனது. பல இடங்களில் அவர் குத்தகைதாரரை வெளியே அனுப்பிவிட்டு, டிராக்டர் வாங்கினார். உழுதவருக்கு மிஞ்சியது ஒரு பழைய காரும், அதன் கூரையில் கட்டிய பாய் படுக்கையும்தான்.

1930-களில் சமவெளி மாநிலங்களில் இருந்து வெளியேறியவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அதில் லட்சக்கணக்கானோர் கலிஃபோர்னியாவை நோக்கிப் போனார்கள்.

எல்லையில் போலீஸ்!

கலிஃபோர்னியாவில் பழத்தோட்டம், பருத்திக்காடு, காய்கறிப் பண்ணை எல்லாம் இருக்கின்றன. வேலை நிச்சயம் என்று நம்பித்தான் ஜனங்கள் போனார்கள். 1936-ம் ஆண்டு பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறை நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸாரை மாநில எல்லைக்கு அனுப்பியது. கையில் காசோ, வேலையோ இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அவர்கள் வேலை. சொந்த நாட்டுக்குள்ளேயே இப்படி ஒரு தடுப்பு!

அதைப் பற்றி வூடி எழுதிய பாட்டில் கோபம் இருக்கும். ஆனால், கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். 'காசு இல்லையென்றால் பேசாமல் ஊருக்கே திரும்பிப் போங்கள்' என்று வெகுளியாக அறிவுரை சொல்கிற மாதிரி எழுதியிருப்பார். அடிபட்டவனிடம் போய் இன்னும் அழுகையைக் கொடுக்கக் கூடாது, அவனைச் சிரிக்க வைத்து நிமிர்த்த வேண்டும் என்பது அவருடைய வழி.

வூடியும் அதே பாதையில் கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தார். 1937-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சிறிய வானொலியில் பாட வாய்ப்பு கிடைத்தது. 'லெஃப்டி லூ' என்று அவர் பெயர் வைத்த பாடகி மேக்சின் கிரிஸ்மனும் சேர்ந்து பாடினார். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் குரல்களில் சொந்த ஊர் கேட்டது. கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன.

ஒரு கடிதம் திருத்திய மனிதர்

அந்தக் கடிதங்களில் ஒன்று முக்கியமானது. ஒருநாள் நிகழ்ச்சியில், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் உள்ள பழைய பாட்டு ஒன்றை வூடி பாடிவிட்டார். அவர் வளர்ந்த சூழலில் அந்தச் சொல் சாதாரணமாகப் புழங்கியது. நிகழ்ச்சியைக் கேட்ட கறுப்பின இளைஞர் ஒருவர், 'படித்தவர் யாரும் பேசுகிற பேச்சா இது?' என்கிற ரீதியில் எழுதினார்.

வூடி அந்தக் கடிதத்தை ஒதுக்கி வைக்கவில்லை. அடுத்து வானொலியிலேயே அதைப் பற்றிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல்லை இனிமேல் பயன்படுத்த மாட்டேன் என்றார். பிற்காலத்தில் லெட்பெல்லி, சோனி டெர்ரி போன்ற கறுப்பினக் கலைஞர்களோடு நெருங்கிப் பழகி, ஒன்றாக மேடை ஏறினார்.

நாட்டுப்புறப் பாட்டு என்றாலே பழசை அப்படியே காப்பாற்றுவது என்று நினைக்கிறோம். பழசிலும் களை உண்டு. அதைப் பிடுங்கிப் போடுவதும் பாட்டுக்காரர் வேலைதான்.

பாட்டு கட்டும் முறை

3,000-க்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதியவர் வூடி. எப்படி முடிந்தது?

ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டை எடுத்துக்கொள்வார். மெட்டு பழகியதாக இருந்தால் முதல் தடவை கேட்கும்போதே கூடப் பாடலாம். அந்த மெட்டில் இன்று நடந்த சம்பவத்தை வைப்பார். செய்தித்தாளில் படித்தது, லாரி டிரைவர் சொன்னது, முகாமில் ஒரு தாய் புலம்பியது என எதுவும் பாட்டாகும். ஊர் பெயர், தேதி, கூலி எவ்வளவு என்பதுகூடப் பாட்டுக்குள் வந்துவிடும். சொற்கள் அந்த ஊர் ஜனங்கள் பேசுகிற சொற்களாகவே இருக்கும்.

மெட்டே இல்லாமல், கிதாரைத் தட்டிக்கொண்டே தாளத்துக்குப் பேசிப் போகிற முறையும் அவருக்குக் கைவந்தது. குரல்வளம் இல்லாதவர்கூடப் பாட முடிகிற முறை அது. அவர் குரலும் ஒன்றும் தேன் குரல் கிடையாது. வறண்ட, மூக்கால் பாடுகிற குரல். ஆனால், கேட்பவர்களுக்கு, 'நம்ம ஆள் பேசுறார்' என்று தோன்றும்.

தன் பாட்டை யார் பாடினாலும் சந்தோஷம்தான் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ஜனங்களிடம் எடுத்த மெட்டு, ஜனங்களிடமே திரும்பிப் போகிறது. விதையைப் பொட்டலம் போட்டு விற்காமல் பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒரு படி அள்ளிக் கொடுக்கிற மனசு அது.

1940-ம் ஆண்டு நியூயார்க் போனார். மார்ச் மாதத்தில் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவருடைய பாட்டையும் பேச்சையும் மணிக்கணக்கில் பதிவு செய்தார். அதே ஆண்டு புழுதிப் பாட்டுகள் இசைத்தட்டாக வெளிவந்தன. 'இந்த நிலம் உன்னுடைய நிலம்' என்ற பொருளில் தொடங்கும் அவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டும் 1940-ம் ஆண்டு பிப்ரவரியில் எழுதியதுதான். இன்று அமெரிக்கப் பள்ளிகளில் அதைத் தேசபக்திப் பாட்டாகப் பாடுகிறார்கள். தனியார் நிலம் என்று பலகை வைத்துத் தடுப்பதையும், நிவாரண அலுவலக வாசலில் ஜனங்கள் பசியோடு நிற்பதையும் சொல்கிற அடிகள் அதில் உண்டு. அந்த அடிகள் மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும்.

காசும் வந்தது. ஒரு புகையிலை நிறுவனத்தின் வானொலி நிகழ்ச்சியில் கைநிறையச் சம்பளம். ஏப்ரல் 14 புழுதியில் பிறந்த அந்தப் பாட்டின் வரிகளையே மாற்றி, புகை பிடிப்பதைப் புகழ்கிற முகப்புப் பாட்டாக்க வேண்டியிருந்தது. சில வாரங்களில் வேலையை விட்டுவிட்டு, மனைவி, மூன்று குழந்தைகளோடு காரில் கிளம்பிவிட்டார். குடும்பத்துக்கு அது லேசான முடிவு இல்லை. வீட்டைக் கவனிக்காமல் ஊர் சுற்றுகிறார் என்ற வருத்தம் மனைவி மேரிக்கு இருந்தது. அந்த மண வாழ்க்கை பிறகு முறிந்தும்போனது. பாட்டில் எல்லோருக்கும் வீடு கேட்டவர், தன் வீட்டை நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அணைக்குப் பாடிய 26 பாட்டுகள்

1941-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் வடமேற்கில் கொலம்பியா ஆற்றின் மின்சாரத்தை விற்கும் அரசு அமைப்பு, வூடியை ஒரு மாதத்துக்கு வேலைக்கு எடுத்தது. சம்பளம் 266 டாலர் 66 சென்ட். அணைகளின் பயனை ஜனங்களுக்குச் சொல்ல ஒரு படம் எடுக்கத் திட்டம். அதற்குப் பாட்டு வேண்டும். காரில் அவரை ஆற்றங்கரை முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு மாதத்தில் 26 பாட்டு எழுதிக் கொடுத்தார்.

அவர் மனசோடுதான் எழுதினார். கிராண்ட் கூலி அணை 550 அடி உயரம், ஏறத்தாழ 1 மைல் நீளம். 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் மின்சாரமாகி ஏழை வீட்டில் விளக்கு எரியும். வறண்ட நிலத்தில் தண்ணீர் பாயும். புழுதியில் நிலம் இழந்தவர் அங்கே மறுபடியும் ஏர் பிடிப்பார் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் நியாயமும் இருந்தது. போருக்குப் பிறகு அந்தப் பாசனத் திட்டத்தில் லட்சக்கணக்கான ஏக்கரில் தண்ணீர் பாய்ந்தது. அந்தப் பாட்டுகளில் ஒன்றை வாஷிங்டன் மாநிலம் 1987-ல் தன் நாட்டுப்புறப் பாட்டாகவே அறிவித்தது.

ஆனால், அந்த அணையில் மீன் ஏறுவதற்கு வழி வைக்கவில்லை. கடலில் இருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வந்து முட்டையிடும் சால்மன் மீன்களுக்கு, அணைக்கு மேலே இருந்த ஆறு முழுவதும் அடைபட்டுப்போனது. அந்த மீனை நம்பிக் காலங்காலமாக வாழ்ந்த பழங்குடி மக்கள், கெட்டில் அருவி நீரில் மூழ்கப்போவதை அறிந்து 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே கூடி அழுதார்கள். 'கண்ணீர்ச் சடங்கு' என்றே அதற்குப் பெயர். வூடி வந்ததற்கு 11 மாதங்களுக்கு முன்பு நடந்தது இது. அந்த அழுகை, அவருடைய 26 பாட்டுகளில் சேரவில்லை.

ஒரு பாட்டுக்காரர் எவ்வளவு நல்ல மனசோடு பாடினாலும், யார் காரில் ஏறி ஊரைச் சுற்றிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் கண்ணில் படுகிற காட்சியும் அமையும். அணை வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு கேள்வி. அதில் மூழ்கியவர்களுக்கும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது.

ஐந்து சென்ட் கையேடும் மண் வீடும்

வூடியின் வாழ்க்கையில், நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பாம்பா பக்கம் குத்தகை விவசாயிகள் வசித்தது பலகை அடித்த வீடுகளில். இடுக்கு வழியாகப் புழுதி உள்ளே கொட்டும். குளிரும் காற்றும் அப்படியே நுழையும். நியூ மெக்சிகோ பக்கம் போனபோது, வெயிலில் காயவைத்த சுடாத மண் கல்லில் கட்டிய வீடுகளை வூடி பார்த்தார். சுவர் தடிமன். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. புழுதி புகாது, கரையான் அரிக்காது, தீப்பிடிக்காது.

மண் கல் வீடு கட்டுவது எப்படி என்று அமெரிக்க வேளாண் துறை விவசாயிகளுக்காக ஒரு சிறு கையேடு போட்டிருந்தது. விலை 5 சென்ட். அதை வாங்கிப் படித்து, பார்க்கிறவர்களிடம் எல்லாம் மண் வீட்டைப் பற்றியே பேசினார். கடைசியில் அதை வைத்து ஒரு நாவலே எழுதிவிட்டார். மண் வீடு கட்ட ஆசைப்படும் ஒரு குத்தகை விவசாயத் தம்பதியின் கதை. சொந்த நிலம் இல்லாதவன் எந்த மண்ணில் கல் அறுப்பான், எந்த இடத்தில் சுவர் எழுப்புவான் என்பதுதான் அதில் வரும் சிக்கல். 1947-ல் எழுதி முடித்த அந்த நாவல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 2013-ல்தான் அச்சில் வந்தது. அஞ்சு காசுக் கையேடு ஒன்று என்னவெல்லாம் செய்கிறது, பாருங்கள்!

பெயர் இல்லாத 28 பேர்

1948-ம் ஆண்டு ஜனவரி 28. கலிஃபோர்னியாவில் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து, அதில் இருந்த 32 பேரும் இறந்தார்கள். அதில் 28 பேர் மெக்சிகோவைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். பழம் பறிக்க வந்து, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். நாடு முழுக்கப் போன செய்தியில் விமான ஊழியர்களின் பெயர்கள் இருந்தன. கூலிகளை 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

நியூயார்க்கில் இருந்த வூடிக்கு அந்த ஒற்றை வார்த்தை உறுத்தியது. நாம் சாப்பிடுகிற பழத்தைப் பறித்துக் கொடுத்தவருக்கு ஒரு பெயர்கூடக் கிடையாதா? உண்மைப் பெயர்கள் தெரியாததால், மெக்சிகோவில் வழக்கமாக வைக்கும் பெயர்களைச் சொல்லி, அவர்களுக்கு விடை கொடுக்கிற மாதிரி எழுதினார். சுமார் 10 ஆண்டுகள் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்பவர் அதற்கு மெட்டுப் போட்டார். பீட் சீகர் பாடிப் பரப்பினார்.

அந்த 28 பேரும் ஃபிரெஸ்னோ நகரத்து இடுகாட்டில் ஒரே குழியில் புதைக்கப்பட்டிருந்தார்கள். அங்கேயும் பெயர் இல்லை. பாட்டு மட்டும் 'அவர்கள் யார்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டிம் ஹெர்னான்டஸ் என்ற எழுத்தாளர் தேடத் தொடங்கினார். 2013-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், 28 பெயர்களும் பொறித்த கல் அந்த இடத்தில் வைக்கப்பட்டது. சம்பவம் நடந்து 65 ஆண்டுகள் கழித்து!

பாட்டு எழுதி என்ன ஆகும் என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த பதில்களில் இது ஒன்று.

கிதார் பிடிக்காத கை

அம்மாவின் நோய் வூடிக்கும் வந்தது. 1952-ல்தான் அது ஹன்டிங்டன் நோய் என்று உறுதியானது. அதற்குள் அவர் கை கிதாருக்கு வசப்படாமல் போய்விட்டது. எழுத்தும் கோணலானது. கடைசி பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனைகளில்தான் கழிந்தன. 1961-ல் 19 வயதுப் பையன் ஒருவன் தேடி வந்து, வூடியின் பாட்டுகளை வூடிக்கே பாடிக் காட்டினான். அவன்தான் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பாப் டிலன்.

1967-ம் ஆண்டு அக்டோபர் 3-ம் தேதி, 55 வயதில் வூடி இறந்தார். அவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட இரண்டாவது மனைவி மார்ஜரி, அந்த நோய்க்கு எதிராகக் குடும்பங்களைத் திரட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஊரார் 'பைத்தியம்' என்று ஒதுக்கிய நோராவின் நோய்க்கு, அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சியாளர்களின் கவனம் பெருமளவில் திரும்பியது.

உங்கள் ஊரில் எந்த ஆண்டு மழை பொய்த்தது? யார் யார் கிணறு வற்றியது? யார் வீட்டு மாடுகளை என்ன விலைக்கு விற்றார்கள்? யார் ஊரைவிட்டுப் போனார்கள், திரும்பி வந்தார்களா? வயதானவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, பெயரும் ஆண்டுமாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெட்டுத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவரிடம் கொடுங்கள். நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

-----

பெட்டிச் செய்தி

பறந்த மண்ணை எப்படிப் பிடித்தார்கள்?

புழுதிப் புயலைப் பற்றிப் படித்தவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி இது. ஹியூ பென்னட் என்ற மண் விஞ்ஞானியின் முயற்சியால், 1935-ம் ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதி அமெரிக்காவில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பிறகு செய்தவை:

* சரிவுக்குக் குறுக்கே உழவு: மேலிருந்து கீழாக உழாமல், சரிவுக்குக் குறுக்காக உழுதார்கள். பெய்த மழை ஓடாமல் சாலிலேயே நின்றது.

* வரிப்பயிர்: ஒரு பட்டை கோதுமை, அடுத்த பட்டை சோளம் அல்லது புல் என மாற்றி மாற்றி விதைத்தார்கள். முழு நிலமும் ஒரே நேரத்தில் வெறுமையாகக் கிடப்பது நின்றது.

* தாளை விட்டுவைத்தல்: அறுவடைக்குப் பிறகு தாளை எரிக்காமல், புரட்டிப் போடாமல், மண்ணின் மேலேயே விட்டார்கள். காற்று நேரடியாக மண்ணைத் தொடவில்லை.

* மறுபடியும் புல்: பயிருக்கு லாயக்கில்லாத நிலத்தில் புல் விதைத்து மேய்ச்சலுக்கு விட்டார்கள்.

* காற்றுத் தடுப்பு மரங்கள்: 1934 முதல் 1942 வரை, வடக்கே வடடகோட்டாவில் இருந்து தெற்கே டெக்சாஸ் வரை சுமார் 22 கோடி மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள்.

இந்த முறைகளைக் கடைப்பிடித்த விவசாயிகளுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. 1930-களின் கடைசியில் மழையும் திரும்பியது.

ஒரு எச்சரிக்கை: அதே சமவெளி இன்று பெருமளவு ஓகலாலா என்ற நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்து விவசாயம் செய்கிறது. பல பகுதிகளில் நீர்மட்டம் தொடர்ந்து இறங்குகிறது. மண்ணைக் காப்பாற்றிய பாடத்தை அவர்கள் தண்ணீரிலும் படிக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது.